ஒரே விடுதி, மூன்று குடும்பப்பெயர்

உங்கள் கேள்வி இது. அமெரிக்க அரசியல்வாதி ஃபிஷர் ஏம்ஸைப் பற்றிப் படிக்கும்போது அவருடைய அப்பா நத்தேனியல் ஏம்ஸ் ஓரிடத்தில் மருத்துவர், இன்னோரிடத்தில் பஞ்சாங்கக்காரர், மூன்றாவது இடத்தில் மாசசூசெட்ஸின் டெட்ஹாம் ஊரில் ‘சத்திரக்காரர்’ என்று வருகிறார். அந்த விடுதியும் ஃபிஷர் விடுதி, ஏம்ஸ் விடுதி, வுட்வர்ட் விடுதி என்று மூன்று பெயரில் வருகிறது. ஆள் ஒருவர்தானா, இடம் ஒன்றுதானா, அந்தக் காலத்துச் சிற்றூர் விடுதிக்காரர் எப்படிப் பிழைத்தார், இப்படிப்பட்டவரின் குடும்பத்தை ஆவணங்களில் எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் ஒருவர்தான், இடமும் ஒன்றுதான். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது, ஒரே இடத்துக்கு ஏன் மூன்று குடும்பப்பெயர் என்பதைத்தான். அந்த விடுதி ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் வழியாகக் கைமாறியது. ஆவணத்தில் ஆணின் பெயர் இருக்கும், சொத்து பெண்ணோடு வந்திருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் ஒரு சொல் திருத்தம். ‘சத்திரம்’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடுவது நல்லது. நம் சத்திரம் தர்மத்துக்குக் கட்டியது, வழிப்போக்கருக்கு இலவசம். மாசசூசெட்ஸ் அடங்கிய அமெரிக்க வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் விடுதி காசுக்கு நடந்த வியாபாரம். அதுவும் யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய வியாபாரம் அல்ல. ஆவணங்களில் விடுதிக்காரர் ‘இன்ஹோல்டர்’ என்று குறிக்கப்படுவார். அது வெறும் தொழிற்பெயர் அல்ல, உரிமத்தின் வகை. இன்ஹோல்டர் என்றால் மது, சாப்பாடு, படுக்கை, குதிரைக்குத் தீவனம் எல்லாவற்றையும் தன் வீட்டிலேயே கொடுக்க உரிமை பெற்றவர். ‘ரீடெய்லர்’ என்று இன்னொரு வகை உண்டு. அவர் மதுவை விற்கலாம், ஆனால் வாங்கியவர் வெளியே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். உங்கள் மூதாதையர் ஒருவர் பெயருக்கு நேரே ரீடெய்லர் என்று இருந்தால் அவர் விடுதி நடத்தினார் என்று எழுதிவிடாதீர்கள். அவர் ஊர்க் கடைக்காரராக இருந்திருப்பார். 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘ஆர்டினரி’ என்று வருவதும் விடுதிதான். குறித்த விலைக்குக் குறித்த சாப்பாடு போடும் இடம் என்பது அதன் பொருள்.

உரிமம் ஓராண்டுக்குத்தான். ஊர் நிர்வாகத்தைக் கவனித்த ‘செலக்ட்மென்’ எனப்பட்ட பெரியவர்கள் முதலில் இவர் தகுதியானவர் என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கவுண்ட்டி, அதாவது மாவட்ட, நீதிமன்றத்தில் உரிமம் வாங்க வேண்டும். ஜாமீன்தாரர்களோடு பிணைப்பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இதே நடைமுறை. பயணிக்கும் குதிரைக்கும் வேண்டியது தயாராக இருக்க வேண்டும், வாசலில் பலகை தொங்க வேண்டும், சூதாட்டம் கூடாது, எசமானின் அனுமதி இல்லாமல் வேலைக்காரர்களையும் பயிற்சிப் பிள்ளைகளையும் அடிமைகளையும் உட்காரவைத்து ஊற்றக்கூடாது, ஓய்வுநாளில் உள்ளூர்க்காரர் குடிக்கக்கூடாது. ஊரில் பெருங்குடிகாரர்கள் என்று பெயரெடுத்தவர்களின் பட்டியலைச் செலக்ட்மென் விடுதியில் ஒட்டுவார்கள். அவர்களுக்கு விற்றால் விடுதிக்காரருக்குத் தண்டம். இவற்றைப் பார்த்தால் விடுதிக்காரர் ஊரின் நம்பிக்கையைப் பெற்ற ஆளாக இருக்க வேண்டியிருந்தது தெரியும். ஆண்டுதோறும் அண்டை வீட்டாரே கைதூக்கிச் சம்மதிக்க வேண்டிய தொழில் இது. கெட்ட பெயர் எடுத்தால் மறு ஆண்டு உரிமம் இல்லை.

இனி ஏம்ஸ். 1708இல் மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டரில் பிறந்தார். 1726ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கம்தான் அவருடைய முதல் பஞ்சாங்கம். அதைக் கணித்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் புகழ்பெற்ற பஞ்சாங்கம் 1733ஆம் ஆண்டுக்குத்தான் முதலில் வந்தது. ஏம்ஸ் ஏழு ஆண்டு முந்தியவர். ஆண்டுக்கு அறுபதாயிரம் பிரதி விற்றது என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது பின்னால் வந்தவர்கள் சொன்ன மதிப்பீடு, கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்த எண் அல்ல. மிக அதிகமாக விற்றது என்பது வரை உறுதி. சூரிய உதயம், கடல் ஏற்ற இறக்கம், கிரகணம், நீதிமன்றம் கூடும் நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். இவற்றோடு பாஸ்டனிலிருந்து புறப்படும் சாலைகளும், ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் எத்தனை மைல் என்பதும், விடுதிக்காரரின் பெயரோடு அந்தக் காலத்துப் பஞ்சாங்கங்களில் அச்சாகும். குடும்பம் தேடுபவருக்கு இந்தச் சாலைப் பட்டியல் நல்ல சான்று. ஆனால் அச்சகத்தார் பழைய பட்டியலையே திரும்பத் திரும்ப அச்சிடுவது உண்டு. இறந்துபோன விடுதிக்காரர் பெயர் அதில் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருக்கலாம். பஞ்சாங்கத்தில் பெயர் இருப்பதால் அந்த ஆண்டில் அவர் இருந்தார் என்று முடிவு கட்டாமல், அதே ஆண்டின் உரிமப் பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவம், பஞ்சாங்கம், விடுதி மூன்றும் ஒரே ஆளிடம் எப்படி என்று வியந்திருக்கிறீர்கள். வியக்க ஒன்றுமில்லை. சிற்றூரில் மருத்துவக் கட்டணம் பெரும்பாலும் வைக்கோலாகவும் விறகாகவும் ஆள்வேலையாகவும் வரும். வைக்கோலைத் தின்னக் குதிரை வேண்டும், விறகை எரிக்க அடுப்பு வேண்டும். விடுதியில் இரண்டும் உண்டு. வழிப்போக்கர் கொண்டுவரும் செய்தி பஞ்சாங்கத்துக்கு உதவும். பஞ்சாங்கத்தில் விடுதிக்கு விளம்பரம் போடலாம். ஏம்ஸ் அதையும் செய்தார். பாஸ்டனிலிருந்து தென்மேற்கே போகும் பெரிய அஞ்சல் சாலையில், பதினோரு மைலில், சூரியன் பலகை தொங்கும் வீட்டில் தாம் விடுதி நடத்துவதாகவும், வருபவரை நியாயமான விலையில் உபசரிப்பதாகவும் 1751ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அறிவித்தார். பதினோரு மைல் என்றால் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பாஸ்டனில் காலையில் கிளம்பிய குதிரைக்குத் தண்ணீர் காட்டவும், மாலையில் கிளம்பியவர் இரவு தங்கவும் பொருத்தமான தொலைவு.

இந்த விடுதி ஏம்ஸ் கட்டியதல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஜாஷுவா ஃபிஷர் என்பவர் டெட்ஹாமில் விடுதி நடத்தினார். அதே பெயர் பின்வந்த தலைமுறைகளிலும் தொடர்ந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் மேரி ஃபிஷரை ஏம்ஸ் 1735இல் மணந்தார். 1737இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாயின் குடும்பப்பெயரையே குழந்தைக்கு முதற்பெயராக வைத்து ஃபிஷர் என்று அழைத்தார்கள். அந்த ஆண்டே மேரி இறந்தார். அடுத்த ஆண்டு குழந்தையும் இறந்தது. துக்கத்தோடு முடிந்திருக்க வேண்டிய இந்தக் கதை, அமெரிக்கச் சொத்துரிமைச் சட்டத்தில் ஒரு வழக்காக நிலைத்துவிட்டது.

கேள்வி இதுதான்: விடுதிச் சொத்தில் மேரிக்கு வர வேண்டிய பங்கு யாருக்கு? தாய் முதலில் இறந்ததால் அவள் உரிமை குழந்தைக்கு வந்தது. குழந்தை பிறகு இறந்ததால் குழந்தையின் வாரிசு யார் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி நிலச்சொத்து கீழ்நோக்கித்தான் இறங்கும், பிள்ளையிடமிருந்து பெற்றவருக்கு மேலே ஏறாது. அப்படியானால் சொத்து வந்த வழியான தாயின் ரத்த உறவுக்கு, அதாவது மேரியின் சகோதரிகள் பக்கம், திரும்பிப் போக வேண்டும். மாசசூசெட்ஸ் மாகாணச் சட்டமோ, உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து மிக நெருங்கிய உறவுக்குப் போகும் என்றது. குழந்தைக்கு அப்பாவைவிட நெருங்கியவர் யார்? ஏம்ஸ் இரண்டாவது சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். மைத்துனி கணவர் கே என்பவரோடு நடந்த வழக்கில் 1749இல் மாகாண உயர் நீதிமன்றம் ஏம்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குழந்தையின் வழியாக அப்பா வாரிசானார். குழந்தை தாய்க்கு முன்பே இறந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது. வம்சாவளி எழுதும்போது ‘இருவரும் சிறிது காலத்தில் இறந்தனர்’ என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். இந்தக் குடும்பத்தில் அந்தப் பங்கு முழுதும் யார் முதலில் இறந்தார் என்பதில் தொங்கியது. எனவே மாதமும் நாளும் கிடைக்கும்வரை தேடுங்கள்.

தேதியில் இன்னொரு பொறி உண்டு. 1752 வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகையால் ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள நாட்களை 1737/8 என்று இரட்டை ஆண்டாக எழுதினார்கள். சில எழுத்தர்கள் ஒற்றை ஆண்டை மட்டும் எழுதினார்கள். ‘1737 பிப்ரவரி’ என்று ஒரு மரணம் பதிவாகியிருந்தால் அது நம் கணக்கில் 1738 பிப்ரவரியாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் தாய்க்கு முன்பு பிள்ளை இறந்ததாக மரம் வரைந்துவிடுவீர்கள். இந்தக் குடும்பத்தில் அந்தப் பிழை வெறும் எண் பிழையாக நிற்காது. சொத்தையே வேறு கையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வழக்கில் தமக்கு எதிராகக் கருத்துச் சொன்ன நீதிபதிகளை ஏம்ஸ் சும்மா விடவில்லை. விடுதிப் பலகைக்கு ஒரு படம் யோசித்தார். அங்கியும் பொய்முடியும் அணிந்த நீதிபதிகள் வரிசையாக இருப்பார்கள். எதிர்த்தவர்கள் மாகாணச் சட்டப் புத்தகத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். இப்படி ஒரு படம் யோசிக்கப்பட்டது உறுதி. அதற்கு மேல் சொல்லப்படுவது ஊர்க்கதை: பலகையை இறக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்ட ஏம்ஸ் விரைந்து வந்து தாமே அதை இறக்கிவிட்டு, பொல்லாத சந்ததி அடையாளம் தேடுகிறது, அதற்கு அடையாளம் கொடுக்கப்படாது என்ற பைபிள் வசனத்தை அங்கே தொங்கவிட்டாராம். ஆங்கிலத்தில் ‘அடையாளம்’, ‘கடைப்பலகை’ இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அவர்களுக்கு அந்த வசனம் சிலேடையாகிறது, தமிழில் அது வராது. கதை நன்றாக இருக்கிறது. அதனாலேயே அதைக் கதை என்று குறித்து எழுதுவது நல்லது.

1740இல் ஏம்ஸ் மறுமணம் செய்தார். அந்தப் பெண்ணின் பெயர் டெபொரா ஃபிஷர். முதல் மனைவியும் ஃபிஷர், இரண்டாம் மனைவியும் ஃபிஷர். டெட்ஹாமில் ஃபிஷர்கள் அவ்வளவு பெருகியிருந்தார்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மேரியின் குழந்தைக்கும் ஃபிஷர் ஏம்ஸ் என்று பெயர். டெபொராவுக்கு 1758இல் பிறந்த மகனுக்கும் ஃபிஷர் ஏம்ஸ் என்று பெயர். பின்னவர்தான் நீங்கள் படித்த அரசியல்வாதி. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்து வரும் பிள்ளைக்கு வைப்பது நியூ இங்கிலாந்தில் அன்றாட வழக்கம். ஆகவே ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவு இருந்தால் அது எழுத்தர் பிழை என்று தள்ளாதீர்கள். இடையில் ஒரு மரணம் இருக்கிறதா என்று பாருங்கள். நத்தேனியல் ஏம்ஸ் என்ற பெயரும் மூன்று தலைமுறையில் வருகிறது: அப்பா, பஞ்சாங்கக்காரர், அவர் மகன். மகன் 1741இல் பிறந்து ஹார்வர்டில் படித்து அவரும் மருத்துவரானார், அப்பாவின் பஞ்சாங்கத்தையும் சில ஆண்டுகள் தொடர்ந்தார். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்ற அடைமொழியை நம்பி அப்பா மகன் என்று முடிவு செய்யக்கூடாது. அந்தக் காலத்தில் ஊரில் ஒரே பெயருடைய மூத்தவர், இளையவர் என்பதுதான் அதன் பொருள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். அதேபோல் ‘கசின்’ என்பது அண்ணன் மகனையும் குறிக்கும், ‘ஃபாதர்-இன்-லா’ என்பது மாற்றான் தந்தையையும் குறிக்கும்.

வீட்டுக்குள்ளே போவோம். அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து விடுதி பெரும்பாலும் ஒரு பெரிய குடியிருப்பு வீடுதான். நடுவில் பெரிய புகைபோக்கி, அதன் இருபுறமும் கீழே இரண்டு அறைகள், பின்னால் சமையலறை, மேலே படுக்கை அறைகள். கீழறை ஒன்றின் மூலையில் மதுக் கூண்டு. மரக் கம்பித் தட்டி ஒன்றை மேலே தூக்கினால் கடை திறப்பு, கீழே இறக்கிப் பூட்டினால் கடை அடைப்பு. படுக்கைக்குத் தனி அறை கேட்டு யாரும் வருவதில்லை. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் ஒரே கட்டிலில் படுப்பது வழக்கம். ஆதலால் ‘பத்துப் பயணிகள் தங்கினர்’ என்ற குறிப்பைப் பார்த்துப் பத்துக் கட்டில் என்று கணக்கிட வேண்டாம். பிரார்த்தனைக் கூடத்தில் அந்தக் காலத்தில் கணப்பு கிடையாது. குளிர்காலத்தில் இரண்டு வழிபாட்டுக்கு நடுவே தொலைவிலிருந்து வந்தவர்கள் விடுதி அடுப்பில்தான் கை காய்ச்சுவார்கள். ஊர்க்கூட்டம் குளிரில் ஒத்திவைக்கப்பட்டு விடுதியில் தொடர்வதும் உண்டு. ஊர்ப்படை பயிற்சி நாளும் ஊர்க்கூட்ட நாளும்தான் நல்ல வியாபார நாட்கள்.

என்ன குடித்தார்கள்? உள்ளூர் ஆப்பிள் சைடர் (புளித்த ஆப்பிள் சாறு), ரம், பஞ்ச் (ரம் கலந்த பானம்), எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஃபிளிப்’. கால் காலன், அதாவது ஏறக்குறைய 950 மில்லி, பிடிக்கும் குவளையில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டியான பீர் ஊற்றுவார்கள். சர்க்கரையோ வெல்லப்பாகோ போட்டு இனிப்பாக்குவார்கள். அவை இல்லாவிட்டால் உலர்த்திய பூசணி. மேலே ஒரு ‘ஜில்’ ரம், அதாவது ஏறக்குறைய 120 மில்லி. பிறகு அடுப்பில் செக்கச்செவேலென்று காய்ந்திருக்கும் இரும்புக் கோலை உள்ளே விடுவார்கள். அது பொங்கி நுரைத்து, சர்க்கரை கருகி, லேசான கசப்பு ஏறும். அந்தக் கசப்புக்காகத்தான் ஃபிளிப். கோல் போதுமான அளவு சிவக்காவிட்டால் பீர் வெதுவெதுப்பாகிச் சப்பென்று போகும், கசப்பு வராது. குவளையை நிரம்ப ஊற்றிவிட்டால் நுரை வழிந்து பாதி தரைக்குப் போகும். மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவு அதனால்தான். கோலின் நுனியில் ஒட்டிய சாம்பலைத் தட்டாமல் விட்டால் அடியில் மண்டி. இந்தக் கோல் சொத்துப் பட்டியலில் ‘லாகர்ஹெட்’ என்ற பெயரில் வரும். அதைக் கண்டால் அந்த வீட்டில் ஃபிளிப் ஊற்றினார்கள் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளைக் கொண்டு விளைவித்த கரும்பின் பாகு கப்பலில் வந்து மாசசூசெட்ஸ் வடிசாலைகளில் ரம்மானது. டெட்ஹாம் போன்ற ஊரின் குவளையிலும் அந்த உழைப்பு இருந்தது.

சொத்துப் பட்டியல் என்றேன். விடுதிக்காரரைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஒருவர் இறந்ததும் அண்டை வீட்டார் மூவர் நியமிக்கப்பட்டு, அறை அறையாக நடந்து, பொருளும் மதிப்பும் எழுதுவார்கள். படிக்கத் தெரிந்தால் வீட்டுக்குள் நடப்பது போலிருக்கும். ஆனால் சொற்கள் ஏமாற்றும். ‘பெட்’ என்றால் கட்டில் அல்ல, இறகு மெத்தை. கட்டில் ‘பெட்ஸ்டெட்’ என்று தனியே வரும். ‘பெட் அண்ட் ஃபர்னிச்சர்’ என்றால் மெத்தையும் மேசை நாற்காலியும் அல்ல. மெத்தையோடு விரிப்பு, போர்வை, திரைச்சீலை. பலர் இதைப் பார்த்து அறையில் மரச்சாமான் நிறைய இருந்ததாக எழுதிவிடுகிறார்கள். ‘லம்பர்’ என்றால் பழைய தட்டுமுட்டுச் சாமான். பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவைத் தட்டுகளை எண்ணிக்கையாக இல்லாமல் எடையாகவும் எழுதுவார்கள். விடுதியின் கொள்ளளவு தெரிய மெத்தைகளை எண்ணுங்கள், நாற்காலிகளை எண்ணுங்கள், பிறகு தொழுவத்தில் வைக்கோல் எவ்வளவு என்று பாருங்கள். மெத்தை நாலு, வைக்கோல் மலைபோல் என்றால் அந்த வீடு தங்குபவரை அல்ல, குதிரையையும் குடிப்பவரையும் நம்பி நடந்த வீடு. சிற்றூர் விடுதிகளில் படுக்கைக் காசு எப்போதும் சில்லறைதான். என் கணிப்பில், லாபம் மதுவிலும் தீவனத்திலும்தான் இருந்தது.

பணத்தில் இன்னொரு பள்ளம். மாசசூசெட்ஸின் காகிதப் பணம் 1740களில் மிக மோசமாக மதிப்பிழந்தது. பிரெஞ்சுக்காரரின் லூயிஸ்பர்க் கோட்டை மீதான படையெடுப்புச் செலவுக்காக இங்கிலாந்து திருப்பிக் கொடுத்த வெள்ளியை வைத்து, 1750இல் பழைய காகிதத்தை ஏழரைக்கு ஒன்று என்று மாற்றினார்கள். ஒரு ஸ்பானிய வெள்ளி டாலர் பழைய பணத்தில் 45 ஷில்லிங், புதிய ‘சட்டப் பணத்தில்’ 6 ஷில்லிங். எனவே 1748இல் 15 ஷில்லிங் என்று ஒரு கணக்கும் 1752இல் 2 ஷில்லிங் என்று இன்னொரு கணக்கும் இருந்தால் விடுதிக்காரர் விலையைக் குறைக்கவில்லை. இரண்டும் ஒரே தொகை. இந்த மாற்றத்தை அறியாமல், குடும்பம் 1750க்குப் பிறகு நொடித்துப் போனது என்று எழுதப்பட்ட குடும்ப வரலாறுகள் உண்டு. கணக்கின் தலைப்பில் ‘ஓல்ட் டெனர்’ (பழைய காகிதப் பணம்), ‘லாஃபுல் மனி’ (புதிய சட்டப் பணம்) என்ற இரண்டில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஏம்ஸ் 1764இல் இறந்தார். அப்போது இளைய ஃபிஷருக்கு ஆறு வயது. விடுதியை டெபொரா நடத்தினார். இது விதிவிலக்கு அல்ல. விதவைகளுக்கு உரிமம் கொடுப்பதை நீதிமன்றங்கள் விரும்பின. குடும்பம் ஊரின் ஏழை நிதியில் வந்து விழாமல் இருக்க அது நல்ல வழி. உண்மையில் ஆணின் பெயரில் உரிமம் இருந்த காலத்திலும் வேலையில் பெரும்பங்கு பெண்ணுடையதுதான்: ரொட்டி, பீர், பாலாடைக்கட்டி, மெழுகுவத்தி, விரிப்புத் துவைப்பு. மருத்துவர் நோயாளி வீட்டுக்குப் போயிருக்கும்போது கூண்டுக்குப் பின்னால் நின்றவர் யார் என்று உரிமப் பட்டியல் சொல்லாது. கணவன் இறந்ததும் அவள் பெயர் திடீரென்று பட்டியலில் தோன்றுவதை, அன்றுதான் அவள் தொழிலுக்கு வந்தாள் என்று எடுத்துக்கொள்வது தவறு என்பது என் திடமான கருத்து.

டெபொரா 1772இல் ரிச்சர்ட் வுட்வர்டை மணந்தார். அன்று மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி ஆளுமை கிடையாது, அவள் தொழிலும் கணவன் பெயருக்குள் போய்விடும். ஆகவே விடுதி வுட்வர்ட் விடுதியாயிற்று. 1774 செப்டம்பர் 6ஆம் தேதி சஃபோக் கவுண்ட்டி ஊர்களின் பிரதிநிதிகள் அங்கேதான் கூடினார்கள். மூன்று நாள் கழித்து மில்டனில் கூடி, ஜோசப் வாரன் எழுதிய சஃபோக் தீர்மானங்களை, அதாவது பிரிட்டனின் தண்டனைச் சட்டங்களை எதிர்த்த தீர்மானங்களை, நிறைவேற்றினார்கள். அதைப் பால் ரிவியர் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார். செப்டம்பர் 17ஆம் தேதி அங்கே கூடியிருந்த கான்டினென்டல் காங்கிரஸ், அதாவது அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் மாநாடு, அதை ஆதரித்தது. அமெரிக்கப் புரட்சி வரலாற்றில் அந்த வீட்டுக்கு ‘வுட்வர்ட் வீடு’ என்றே பெயர். இரண்டே ஆண்டுக்கு முன் திருமணத்தால் வந்த பெயர் அது. வீட்டைப் பத்தாண்டாகத் தாங்கிய பெண்ணின் பெயர் அந்த வரலாற்றில் அரிதாகவே வருகிறது. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லா விடுதிக் குடும்பமும் இப்படி என்று சொல்லமாட்டேன். அதே மாசசூசெட்ஸில் சட்பரி ஊரின் ஹௌ குடும்பத்தில் 1716இல் டேவிட் ஹௌ உரிமம் பெற்றார். பிறகு எசெக்கியேல், ஆடம், லைமன் என்று அப்பாவிடமிருந்து மகனுக்கு 1861 வரை நான்கு தலைமுறை ஒரே குடும்பப்பெயரில் ஓடியது. அப்படிப்பட்ட குடும்பம் தேடுவதற்கு எளிது, அதனாலேயே அதிகம் எழுதப்பட்டது. டெட்ஹாம் மாதிரி பெயர் மாறும் வீடுகள் ஆய்வில் மூன்று துண்டாக உடைந்து, மூன்று வேறு விடுதியாகப் பதிவாகிவிடுகின்றன. உடைந்த துண்டுகளை ஒட்டுவதற்குத் திருமணப் பதிவுதான் பசை. உரிமப் பட்டியலில் ஒரு பெயர் மறைந்து வேறு பெயர் தோன்றும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுக்கு முன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு மரணமும் ஒரு திருமணமும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வீடு அநேகமாக ஒன்றே. இல்லாவிட்டால்தான் விற்பனைப் பத்திரத்தைத் தேட வேண்டும்.

விதவையின் பங்கை ஒதுக்கும் ஆவணத்தையும் விட்டுவிடாதீர்கள். உயில் இல்லாவிட்டால் நிலச்சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அசையும் சொத்தில் மூன்றில் ஒன்று அவளுக்கே சொந்தம். மிச்சத்தில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. இந்த விதி மாசசூசெட்ஸில் 1789 வரை இருந்தது. வீட்டை வெட்ட முடியாதே, அதனால் ஒதுக்கீட்டில் கிழக்கு அறை, அதற்கு மேலுள்ள அறை, கிணற்றுக்குப் போக வழி, அடுப்பில் ரொட்டி சுட உரிமை, நிலவறையில் பாதி என்று எழுதுவார்கள். வரைபடம் எதுவும் மிஞ்சாத வீட்டின் அமைப்பை இப்படிப்பட்ட ஒதுக்கீட்டிலிருந்து கோடு போட்டு வரையலாம். தாய் கிழக்கு அறையிலும் மகனும் மருமகளும் மேற்கு அறையிலும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் இவை. அந்த உறவு சுமுகமாக இருந்ததா என்று ஆவணம் சொல்லாது, வழி விட்டார்களா என்று மட்டும் சொல்லும்.

தேடப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெட்ஹாம் இன்று நார்ஃபோக் கவுண்ட்டியின் தலைநகர் என்பதால் எல்லாரும் முதலில் அங்கேயே போகிறார்கள். நார்ஃபோக் கவுண்ட்டி 1793இல்தான் பிரிந்தது. அதற்கு முன் டெட்ஹாம் சஃபோக் கவுண்ட்டியில் இருந்தது. ஆகவே ஏம்ஸ் காலத்து உரிமங்கள், சொத்துப் பட்டியல்கள், நிலப்பத்திரங்கள் எல்லாம் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சஃபோக் தொகுப்புகளில் தேட வேண்டியவை. ஊர் அளவிலான செலக்ட்மென் ஒப்புதல், பிறப்பு, திருமணம், மரணம் ஆகியவை டெட்ஹாம் ஊர்ப் பதிவுகளில். தேவாலயப் பதிவில் இருப்பது ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல. 1790 மக்கள் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1798இன் கூட்டாட்சி நேர்வரிப் பட்டியல் மாசசூசெட்ஸுக்குப் பெருமளவு மிஞ்சியிருக்கிறது. அதில் வீட்டின் அளவு, மாடிகள், சன்னல்களின் எண்ணிக்கை, மதிப்பு எல்லாம் கிடைக்கும். அதில் வீட்டுக்கு உரிமையாளர், குடியிருப்பவர் என்று இரண்டு பெயர் தனித்தனியாக வரும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.